டிசம்பரில் ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு

நியூ ஜெர்ஸியிலும் டல்லாஸிலும் மெல்போர்னிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அப்பா அம்மாவை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகளே,

வைகுண்ட ஏகாதசிக்கு வர டிக்கெட் போட்டிருப்பீர்கள். பெட்டியில் என்னென்ன வைப்பது என்ற பட்டியலும் பாதி தயாராகியிருக்கும். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் இந்த வீதியில் யாருக்காவது மாத்திரைச் சந்தேகம் என்றால் டப்பாவோடு என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். சமீப காலமாக அந்த டப்பாக்களில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. மற்றொன்று, நீங்கள் அனுப்பிய பெரிய பெரிய புட்டிகள். எழுபதைத் தாண்டிய பலரைப் போல உங்கள் பெற்றோரில் சிலருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. சுருக்கமாக ஏ.எஃப். எனக்கும் இருக்கிறது. அதனால் மருந்து கொடுத்தவள், மருந்து சாப்பிடுகிறவள் என்ற இரண்டு உரிமையிலும் எழுதுகிறேன்.

இந்த நோய் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒரே சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டு ஒன்றாகச் சுருங்க வேண்டியவை. ஏ.எஃப். வந்தால் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பதுக்கும் மேலான மின்தூண்டல்கள் அங்கே தாறுமாறாக ஓடுகின்றன. சித்திரைத் தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும்? கூச்சல் இருக்கும், தேர் நகராது. மேலறையும் அப்படித்தான் துடிதுடிக்கிறதே தவிர சுருங்குவதில்லை. இடது மேலறையில் சின்னப் பை போன்ற ஒரு மூலை உண்டு. அங்கே ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் கட்டியாகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல்லாண்டு கண்காணித்த ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு என்று 1991-ல் சொன்னது. படபடப்பு, மூச்சு வாங்குவது, களைப்பு எல்லாம் சிலருக்கு வரும். பலருக்கு எதுவுமே தெரியாது. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜியில் தற்செயலாகத் தெரியவந்தவர்களை எனக்கே தெரியும்.

ஆக, இந்த நோயில் முதலில் காப்பாற்ற வேண்டியது மூளையை. அதற்கு வேலை செய்கிற பொருள், உங்கள் அப்பாவின் டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு மாத்திரையாகக் கிடக்கும் அந்த ரத்த உறைவுத் தடுப்பு மருந்து. அதைச் சாப்பிட்டால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. தெம்பு வராது, வலி போகாது, தூக்கம் வராது. அதனாலேயே அதன் மேல் யாருக்கும் பிடிப்பு இல்லை. "நன்னாத்தானே இருக்கேன், எதுக்கு இது?" என்று முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான்.

இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டில் எது என்று தெரியாமல் புட்டி எதையும் வாங்காதீர்கள்.

பழைய குடும்பம் வார்ஃபரின், அசினோகூமரால். நம் பக்கம் அசினோகூமரால்தான் அதிகம். இதன் பூர்வகதை மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் கட்டாமல் செத்தன. அதைத் துருவிக்கொண்டு போன விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து கார்ல் லிங்க்கின் குழு காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. "எலிமருந்தா கொடுக்கறா?" என்று யாராவது வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினால், ஆமாம், அதேதான், அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.க்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே போனால் ரத்தக்கசிவு.

இந்த மருந்துகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் செயல்படுகின்றன. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய. கீரையே கூடாது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மருந்தை வைத்துவிடுவார். ஏற்ற இறக்கம்தான் தொந்தரவு. நம் வீடுகளில் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சாங்கமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஏகாதசியன்று பட்டினி, மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இது நடக்கிறது என்பதை எந்த இதய டாக்டரும் தானாக யூகிக்க மாட்டார். ஐ.என்.ஆர். ஏன் ஆடுகிறது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார், உங்கள் அம்மா வாயே திறக்க மாட்டார். விரதத்தை விடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டாலும் விட மாட்டார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், பரிசோதனைத் தேதியை அதை வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

புதிய குடும்பம் டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான். 2010-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தவை. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கவலை இல்லை, மூளைக்குள் ரத்தக்கசிவு வார்ஃபரினைவிடக் குறைவு. முதலில் விலை கண்ணைப் பிதுக்கியது. இப்போது பொதுப்பெயர் மருந்துகள் வந்து இறங்கிவிட்டது. ஆனால் இவற்றுக்கும் சில நியமங்கள் உண்டு, அவற்றைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிடும் உங்கள் அப்பா, "இரவு ஒன்று" என்று சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றிக்கொண்டிருந்தால்? நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விஷயம். சாப்பாடே இல்லாத ஏகாதசி இங்கேயும் குறுக்கே வருகிறது பாருங்கள். அபிக்ஸபான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, காலை மட்டும் போட்டுக்கொண்டு சிக்கனம் பிடிப்பது அரைப் பாதுகாப்புக்கூட இல்லை. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளை நீரில் கலக்கக் கூடாது. ஈரம் ஆகாது என்பதால் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து மாத்திரைப் பெட்டியில் அடுக்கி வைக்கவும் கூடாது.

இந்தப் புதிய மருந்துகளின் வேலை ஒரு நாளில் கரைந்துவிடும். இரண்டு நாள் மறந்தால் இரண்டு நாள் மூளை காவலில்லாமல் இருக்கிறது என்று பொருள். பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "என் ஃபிரெண்டோட அப்பாவுக்குச் சிகாகோல புது மருந்து கொடுக்கறா, எங்கப்பாவுக்கு ஏன் இன்னும் பழசு?" என்று ஊர் டாக்டரிடம் சண்டை பிடிக்காதீர்கள். சிறுவயதில் மூட்டு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய. அவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய குடும்பம்தான். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு ஏ.எஃப். வந்தவர்களிடம் ரிவராக்ஸபானைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. பழைய மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. உங்கள் ஊர் டாக்டர் பழசைக் கொடுத்தால் அதற்குப் படித்த காரணம் இருக்கலாம்.

ஆஸ்பிரின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பிளட் தின்னர் பயமா இருக்கு, ஆஸ்பிரின் போதும்" என்று மாற்றிக்கொண்டவர்கள் இந்த வீதியில் உண்டு. வார்ஃபரின் ஒத்துவராத ஏ.எஃப். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அபிக்ஸபான், பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. ஆஸ்பிரின் தரப்பில் ஆண்டுக்கு நூறு பேரில் 3.7 பேருக்குப் பக்கவாதமோ வேறெங்காவது கட்டி அடைப்போ வந்தது, அபிக்ஸபான் தரப்பில் 1.6 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆஸ்பிரினைச் சாதுவான மருந்து என்று நினைத்துக்கொண்டு பாதுகாப்பைக் கைவிடுகிறோம். ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு, அவர்களுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கும் காலம் உண்டு. அதை டாக்டர் சொல்வார்.

இனி உங்கள் புட்டிகளுக்கு வருகிறேன்.

முதலில் மீன் எண்ணெய். இதயத்துக்கு நல்லது என்று நீங்கள் அனுப்புவதில் முதலிடம் இதற்குத்தான். சுத்த சைவம் சாப்பிடும் ஒரு மாமா, பளபளவென்று தங்க நிறத்தில் இருக்கும் அந்தக் கேப்ஸ்யூலை ஒரு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தார். புட்டியின் மேலிருந்த மீன் படத்தைக் கம்பெனி முத்திரை என்று நினைத்திருக்கிறார். நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கை எழுதினால் உங்கள் அப்பாவா என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். மீனா பாசியா என்பதல்ல இங்கே பிரச்சினை. சைவர்களுக்கென்று கடற்பாசியிலிருந்து எடுத்தாலும் உள்ளே இருப்பது அதே ஒமேகா-3. அந்த ஒமேகா-3 அதிக அளவில் ஏ.எஃப்.ஐத் தூண்டுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு கட்டுரை 2021-ல் வந்தது. நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஏ.எஃப். வரும் வாய்ப்பு சுமார் 49 சதவீதம் கூடுதல், ஒரு கிராம் அளவுக்குள் என்றால் 12 சதவீதம். ஐரோப்பிய மருந்து முகமை 2023-ல், ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏ.எஃப்.ஐ 'அடிக்கடி காணப்படுவது' என்ற வகையில் சேர்க்கச் சொன்னது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாகி டாக்டரே எழுதிக்கொடுத்திருந்தால் அவர் லாப நஷ்டம் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் ஏ.எஃப். ஏற்கெனவே இருக்கிற ஒருவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கடையில் ஐந்நூறு கேப்ஸ்யூல் டப்பாவாக வாங்கி அனுப்புவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

அடுத்தது மெக்னீசியம். இதைப் பற்றி இணையத்தில் ஒரு மதமே இருக்கிறது. ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பது உண்மை. அவசரப் பிரிவில் வேகமாக ஓடும் இதயத்தை அடக்க நரம்பு வழியாகக் கொடுப்பதும் உண்டு. நீர் போகும் மாத்திரையும், வருஷக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையவும் செய்யும். ஆகவே ரத்தத்தில் பார்த்து, குறைவாக இருந்தால் கொடுப்பது மருத்துவம். சரியாக இருக்கிறவர் வாய்வழியாகத் தினமும் சாப்பிட்டு ஏ.எஃப். வராமல் தடுத்ததாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. சிறுநீரகம் பழுதுபட்ட சர்க்கரை நோயாளிக்கு அது வெளியேறாமல் சேர்ந்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டி3-யும் கே2-வும் சேர்ந்த கேப்ஸ்யூல் ஒன்று இப்போது வெகுவாக வருகிறது. எலும்புக்கு நல்லதாம். கே2 என்பது வைட்டமின் கே. அசினோகூமரால் எதைத் தடுக்கப் பாடுபடுகிறதோ அதையே புட்டியில் அடைத்து அனுப்புகிறீர்கள். புதிய குடும்ப மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் எந்தக் குடும்பம் என்று முதலில் கேட்கச் சொன்னேன். கோஎன்சைம் க்யூ10-ம் வைட்டமின் கே-க்கு உறவுமுறை போன்ற அமைப்புள்ளது, வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடும். வைட்டமின் ஈ, ஜிங்கோ, பூண்டுச் சாறு, மஞ்சள் சத்து என்று வரும் கேப்ஸ்யூல்கள் எதிர்த் திசையில் ரத்தக்கசிவைக் கூட்டும் பக்கம் சாய்பவை. ரசத்தில் போடும் பூண்டுக்கும் சாம்பாரில் போடும் மஞ்சள்தூளுக்கும் யாரும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் நம்ம மஞ்சளைச் சாறாக்கி, மிளகுச் சத்தும் சேர்த்து, நமக்கே திருப்பி விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

பயோட்டின்? முடி கொட்டுகிறது என்று அம்மா சொன்னதற்கு நீங்கள் அனுப்பியது. இதயத்தை அது ஒன்றும் செய்யாது. ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏ.எஃப். வரும் என்பதால் டாக்டர் தைராய்டு பரிசோதனை எழுதுவார். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பி, தைராய்டு அதிகம் சுரப்பது போலக் காட்டிவிடும். 2017-லேயே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பிக்க இது போதும்.

எல்லாப் புட்டியும் வீண் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவர்களுக்கு பி12 குறைவது சகஜம், பரிசோதித்துவிட்டுக் கொடுத்தால் பலன் தெரியும். வைட்டமின் டி குறைந்திருந்தால் அதுவும். இரண்டுமே திருச்சியில் எந்த மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். கடல் தாண்டி வர வேண்டியதில்லை.

நோயாளி தானாகக் கண்டுபிடித்தது எல்லாமே தப்பு என்று நினைக்கிற மருந்துக்காரியும் நான் இல்லை. முதல் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வெங்கெபாக் என்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வணிகர் வந்தார். தாறுமாறான துடிப்பைத் தன்னால் நிறுத்த முடியும் என்றார். மலேரியாவுக்குச் சாப்பிடும், மரப்பட்டையிலிருந்து எடுக்கும் குயினைனைப் போட்டுக்கொண்டு மறுநாள் சீரான நாடியோடு வந்து காட்டினார். வெங்கெபாக் அவரைத் துரத்தவில்லை. 1914-ல் எழுதி வைத்தார். நான்கு வருஷம் கழித்து ஜெர்மனியில் ஃபிரை அதே மரப்பட்டைக் குடும்பத்திலிருந்து குயினிடினைத் தேர்ந்தெடுத்தார். பல ஆண்டுகள் துடிப்பைச் சீராக்கும் மருந்தாக அது இருந்தது. பிறகு அதே குயினிடின் சிலருக்கு ஆபத்தான துடிப்பை உண்டாக்குகிறது என்றும் தெரிந்து ஓரங்கட்டப்பட்டது. அந்த வணிகர் சாமர்த்தியசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் செய்த உருப்படியான காரியம், தான் சாப்பிட்டதை மறைக்காமல் டாக்டரிடம் போய்ச் சொன்னது.

நம் ஊர்ப் பொருள்களும் அப்படித்தான் மறைந்து கிடக்கின்றன. காலையில் மருதம்பட்டைக் கஷாயம் குடிக்காத இதய நோயாளி இந்த ஊரில் குறைவு. அதைக் குடித்து ஏ.எஃப். போனதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. குடிப்பதென்றால் டாக்டருக்குத் தெரியட்டும். தொண்டைக்கு இதம் என்று தினமும் மெல்லும் அதிமதுரம், நீண்ட நாள் எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் துடிப்பு கெடும். இதற்கு நேரெதிர் இளநீர். பொட்டாசியம் மிகுந்தது. சிறுநீரகம் சரியில்லாமல், ஸ்பைரனோலாக்டோனோ டெல்மிசார்டன் போன்ற மாத்திரையோ சாப்பிடுகிறவர் கோடையில் நாளுக்கு இரண்டு இளநீர் என்று ஆரம்பித்தால் வம்பு. எல்லாவற்றிலும் மோசம் முழங்கால் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும். கறுப்பாக மலம் போனால் கீரை சாப்பிட்டதால் என்று எண்ணிச் சும்மா இருப்பார்கள். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை, அதையும் அளவோடு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் பழைய குடும்பம், புதிய குடும்பம் இரண்டின் வேகமும் படுத்துவிடும். அந்த இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்கிறார்களா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

காபியைப் பற்றி நீங்கள் அம்மாவோடு போடும் சண்டையை நிறுத்திவிடலாம் என்பது இந்தக் கடிதத்தில் நான் சந்தோஷமாக எழுதுகிற வரி. ஏ.எஃப். வந்தவர்களிடம் முதலில் பிடுங்கப்படுவது அந்த டபராவைத்தான். 2025-ல் டிகாஃப் என்ற ஆய்வு வந்தது. மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்க வந்த 200 பேர், எல்லாரும் காபிப் பழக்கம் உள்ளவர்கள். பாதிப் பேர் நாளுக்கு ஒரு கப்பாவது குடிக்க வேண்டும், பாதிப் பேர் அறவே விட வேண்டும். ஆறு மாதத்தில் காபி குடித்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத்தான் ஏ.எஃப். மறுபடி வந்தது, விட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. ஒரே ஆய்வு, அதுவும் சின்னது. இதைப் படித்துவிட்டு நாளுக்கு ஆறு டம்ளர் என்று கிளம்ப வேண்டாம். ஆனாலும் கும்பகோணம் டிகிரி காபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போதும்.

அந்தக் கூண்டில் நிற்க வேண்டியது சாராயம். அப்பா கிளப்பில் 'எப்போதாவது' சாப்பிடுவதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை. வாரத்துக்குப் பத்து அளவாவது குடிக்கும் ஏ.எஃப். நோயாளிகள் 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. குடியை விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும், விடாதவர்களில் 73 சதவீதம் பேருக்கும் மறுபடி வந்தது. ஒரு மாத்திரை இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் விளம்பரப் பலகை வைத்திருப்பார்கள்.

எடையும் அப்படியே. அடிலெய்டில் உடல் பருத்த நோயாளிகளை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். எடையில் பத்து சதவீதமாவது குறைத்து அதை அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கு ஏ.எஃப். தொந்தரவில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. எண்பது கிலோ என்றால் எட்டு கிலோ. சுலபமில்லை. சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தயிர்சாதம், நீங்கள் வந்திருக்கும் மூன்று வாரமும் தினம் ஒரு இனிப்பு என்றால் நடக்காது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊறுகாய், அப்பளம் விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன், நீங்கள் முயற்சி செய்யுங்கள்.

குறட்டையைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் ஏ.எஃப்.ஐக் கிளப்பிவிடும். இங்கே நீங்கள் நிஜமாகவே உதவ முடியும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவர் மூச்சு நிற்பதை மற்றவர் ஐம்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிடுகிறார். நேர வித்தியாசத்தில் ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடக்கும் உங்களுக்குத்தான் அது புதிதாகக் கேட்கும். கேட்டால் தூக்கப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

யோகாவுக்கும் ஒரு வார்த்தை. கான்ஸஸில் லக்கிரெட்டியின் குழு 49 பேருக்கு மூன்று மாதம் யோகா கற்றுக்கொடுத்ததில், உணரும்படியான ஏ.எஃப். தாக்கங்கள் சராசரி 3.8-லிருந்து 2.1 ஆகக் குறைந்தன. 2013-ல் வந்தது. கூடவே மாத்திரையும் சாப்பிட்டார்கள் என்பதை யோகா மாஸ்டர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், வேகத்தை அடக்கும் மெட்டோபுரோலால், நுரையீரல் நாளங்களின் வாயில் சூடுவைக்கும் அப்லேஷன் சிகிச்சை இவையெல்லாம் டாக்டரோடு பேச வேண்டிய பெரிய விஷயங்கள். 1998-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் ஹைசாகேரின் குழு, ஏ.எஃப். பெரும்பாலும் அந்த நாளங்களிலிருந்துதான் கிளம்புகிறது என்று காட்டியதிலிருந்து அப்லேஷன் வளர்ந்திருக்கிறது. புதிதாக வந்த ஏ.எஃப்.க்குச் சீக்கிரமே துடிப்பைச் சீராக்குவது நல்லது என்ற கருத்தும் இப்போது வலுத்திருக்கிறது. ஆகவே "வயசாச்சு, விடுங்கோ" என்று முடிக்காமல் ஒருமுறை கேளுங்கள். அமியோடரோன் சாப்பிடுகிறவர் என்றால் தைராய்டு, ஈரல், நுரையீரல் மூன்றையும் அவ்வப்போது பார்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்லேஷன் நன்றாக நடந்தாலும் உறைவுத் தடுப்பு மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

பெட்டியில் அப்போது எதைத்தான் வைப்பது என்று கேட்பீர்கள். மேற்கையில் கட்டும் பி.பி. கருவி ஒன்று. ஏ.எஃப்.இல் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மாதிரி என்பதால் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அரை மணிக்கொரு தரம் அதைப் பார்த்து அப்பா பயப்படும் ரகம் என்றால் வேண்டாம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி அடிக்க ஆள் கூப்பிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுவார் என்று பயந்து மாத்திரையை நிறுத்துவதைவிடக் கம்பி அடிப்பது சுலபம்.

வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. என்ன மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும். அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. அதனால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். மாத்திரையின் மூலப்பெயர், அளவு, வேளை, கிரியேட்டினின், டாக்டரின் பெயர். அதே தாளில் உங்கள் புட்டிகள், மருதம்பட்டை, முழங்கால் தைலம், நாட்டு மருந்து, ஏகாதசி எல்லாமும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளோடு போகட்டும்.

எழுதும்போது அப்பாவைக் கேட்டு எழுதாதீர்கள். "எல்லாம் கரெக்டாத்தான் சாப்பிடறேன்" என்பார். மருந்துக் கடை ரசீதின் தேதியைப் பாருங்கள், ஸ்டிரிப்பில் மீதி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். கணக்கு இடித்தால் திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். விலையா, பயமா, மறதியா, ஈறில் ரத்தம் வந்ததா என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. தெரியாவிட்டால் டப்பாவோடு வாருங்கள். திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வீதி மருந்துக்கார மாமி